ஆம்பளைக் கண்ணுக்கு இல்லாத படம்

"ஒரு ஆம்பளைக் கண்ணுகூட இதுமேல படக்கூடாது, நர்ஸம்மா. அத மட்டும் சொல்லு. மத்தது உன் இஷ்டம்."

அன்வரி பேகம் இதை எத்தனை தடவை கேட்டாலும் சவுரியம்மாள் சலித்துக்கொள்ளவில்லை.

"படாது பேகமம்மா. நானே எடுக்கறேன், நானே கழுவறேன். ஸ்டூடியோவுக்குக் குடுக்கறதே இல்ல."

"உன் தம்பி?"

"அவனுக்கும் இல்ல. அவனுக்குத் தெருவு, கடை, கிருஷ்ணாயில் க்யூ, இதுங்கதான் போவும்."

சவுரியம்மாள் ஆம்பூரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். அவள் தம்பி ரத்தினசாமி வடக்கே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தான். போன லீவில் வந்தபோது ஒரு பெட்டிக் கேமராவையும் ஒரு டஜன் ஃப்ளாஷ் பல்புகளையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "எங்கனா சண்டை வந்தா நாங்க அங்க இருக்கசொல்ல நம்ம ஊரு இன்னா பண்ணுதுன்னு எடுத்து வை, அக்கா" என்று சொல்லிப் போனான். எழுபத்தொன்று டிசம்பரில் சண்டை வந்தது. அவளும் எடுத்தாள். வாணியம்பாடி பஸ்ஸின் விளக்குக்கு இருட்டடிப்புக்காகப் பாதி கறுப்பு அடித்திருப்பதை எடுத்தாள். தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தபடி மண்ணெண்ணெய்க்குக் காத்திருக்கும் பொம்பளைகளை எடுத்தாள். தோல் பதனிடும் ஷாப் வாசலில், முழங்கைவரை நீலம் ஏறிய கையோடு ஒரு டிரான்ஸிஸ்டரைச் சுற்றிக் குந்தியிருந்த ஆட்களை எடுத்தாள்.

பெண்கள் அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷா வீடுகளுக்குள் எந்த ஸ்டூடியோக்காரனும் போக முடியாது. இவள் போகலாம். அந்த வீடுகளில் பாதிப் பிள்ளைகள் இவள் கையில் விழுந்தவை. வஹீதாவின் மகனும் அப்படித்தான்.

வஹீதா அன்வரி பேகத்தின் மருமகள். அவள் புருஷன் ரஷீத் அஹமது சின்னதாக ஒரு தோல் ஷாப் வைத்திருந்தான். பனியில் நிற்கும் ஜவான்களுக்குக் கையுறை வேண்டும் என்று ஊரின் பாதுகாப்புக் குழு கேட்டதும், மெல்லிய ஆட்டுத் தோலாகப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டான். வீட்டுப் பெண்கள் வெட்டித் தைத்தார்கள். ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம். நடுக் கூடத்தில் ஒரே ஒரு விளக்கு, அதன்மேலும் துணி. இருட்டடிப்புக்கு ஏழு மணி என்றால் இவர்கள் வீட்டில் ஆறரைக்கே இருட்டாகிவிடும்.

தலைக்குக் குளித்த முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, தைத்து முடித்த இரண்டு பெரிய கையுறைகளை மாட்டிக் கரடிபோல ஆட்டிக் காட்டினாள் வஹீதா.

"முக்காட்டத் தலையில போட்டுக்கோ" என்றாள் மாமியார்.

"வீட்டுக்குள்ளதானே அம்மி. நர்ஸக்கா இன்னா ஆம்பளையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஃப்ளாஷ் வெட்டியது. கூடமே ஒரு கணம் பகலாகிப் போனது. சவுரியம்மாள் கருகிய பல்பைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டு, இன்னொன்று எடுத்தாள்.

தெருவில் விசில் சத்தம். "யார் ஊட்ல அது வெளிச்சம்? அணை, அணை."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார்கள். சுவர் உச்சியில் காற்றுக்காக விட்டிருந்த ஜாலித் துவாரங்களுக்குக் காகிதம் ஒட்ட எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"நாளைக்கு ஒட்டிக்கலாம்" என்றாள் அன்வரி பேகம்.

மறுநாள் காலை, குளியலறையில் ஃபிலிமைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள் சவுரியம்மாள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். இதுவரை எடுத்ததில் இதுதான் உருப்படி என்று பட்டது. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிக் கிடந்த அந்தச் சின்னச் சதுரத்திலும் வஹீதாவின் சிரிப்பு தெரிந்தது.

கதவைத் தட்டினாள் முனியம்மா. ரஷீத் வீட்டில் வேலை செய்கிறவள்.

"நர்ஸம்மா, எங்க சாயபுவக் கூட்டிக்கினு போய்ட்டாங்க. அரிசி மண்டில குந்த வெச்சிருக்காங்க. எதிரி ப்ளேனுக்கு லைட்டு அடிச்சிக் காட்டினாராம். ரெண்டு தடவ."

"ப்ளேனா? ஆம்பூருக்கு மேல எந்த ப்ளேன் வந்துச்சு?"

"அதெல்லாம் எனுக்கு இன்னா தெரியும். பேகமம்மா அழுதுக்கினு இருக்காங்க."

அரிசி மண்டி பக்தவச்சலத்துடையது. அவர்தான் பாதுகாப்புக் குழுவின் செயலாளர். மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர், இன்னும் இரண்டு மூன்று பேர். நேற்று விசில் ஊதிய லோகநாதன் கையில் துணிப்பட்டை கட்டிக்கொண்டு நின்றிருந்தான். சைக்கிள் கடை வைத்திருப்பவன். பெஞ்சில் ரஷீத். அவன் சைக்கிளைப் பிடுங்கி மூட்டைமேல் சாய்த்திருந்தார்கள்.

"வாம்மா நர்ஸு. உனக்கு இங்க இன்னா வேல?"

"அந்த வெளிச்சம் என்னுதுங்க" என்றாள் சவுரியம்மாள். "போட்டோ எடுத்தேன். க்ளவ்ஸ் தைச்சிக்கினு இருந்தாங்க. நீங்க கேட்ட க்ளவ்ஸுதான்."

கைக்குட்டையைப் பிரித்து, கருகிய இரண்டு பல்புகளையும் அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடி வெந்து கொப்புளித்திருந்தது. யாரும் தொடவில்லை.

லோகநாதன் மட்டும் குனிந்து பார்த்தான். "இதேதான். எங்க தங்கச்சி கல்யாணத்துலகூட இப்பிடித்தான் வெட்டிச்சு. நேத்து பாத்த ஒடனே..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

"ஒடனே?" என்றாள் சவுரியம்மாள்.

அவன் பக்தவச்சலத்தைப் பார்த்தான்.

"அப்போ உனக்கு நேத்தே தெரியும், லோகநாதா."

"அவனுக்குத் தெரியுதோ தெரியலியோ, அது வேற" என்றார் பக்தவச்சலம். "யுத்த காலம். கருகின பல்ப யார் வேணா கொண்டாந்து வெக்கலாம். போட்டோ எடுத்தேன்றியே, போட்டோ எங்க? அதக் காட்டு. இல்லன்னா சாயங்காலம் இவர ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறோம். அப்பறம் நாங்க பொறுப்பில்ல."

"படத்துல பொம்பளைங்க இருக்காங்க. கோஷா பொம்பளைங்க."

"அதனாலதாம்மா பாக்கணும்ன்றோம்" என்றார் எண்ணெய்க் கடைக்காரர். "கோஷாக்குள்ள யார் யார் ஒளிஞ்சிருக்கான்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

யாரோ மூட்டைக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

"இன்னாய்யா சிரிப்பு?" என்று அதட்டினார் பக்தவச்சலம். அவர் உதட்டோரமும் லேசாக இழுத்துக்கொண்டுதான் இருந்தது. "எங்களுக்கு இன்னா ஆசையாம்மா? தேசத்துக்காகப் பாக்கறோம்."

இந்த முகத்தைச் சவுரியம்மாள் வேறு இடத்தில் பார்த்திருக்கிறாள். பிரசவ அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் மணி கேட்கிற சாக்கில் ஆண்கள் கழுத்தை நீட்டுவார்கள். தன் பெண்டாட்டி உள்ளே இல்லாதவனும் நீட்டுவான். அதே கழுத்து, அதே கண். இங்கே அதற்குத் தேசம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நான் சொன்னா போதாதா? எந்தம்பி பட்டாளத்துல இருக்கான்."

"உன் தம்பிய யார் கேட்டா?"

பெஞ்சிலிருந்து ரஷீத் தலை நிமிர்ந்தான். "நர்ஸம்மா, காட்டாதீங்க. நான் ஸ்டேஷனுக்கே போறேன்."

"போனா எப்போ திரும்புவேன்னு தெரியுமாய்யா?" என்றார் எண்ணெய்க் கடைக்காரர். "இப்போ கேள்வி மொறையே கெடையாது. ஆறு மாசமோ, ஒரு வருசமோ."

சவுரியம்மாள் பல்புகளை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தாள். "பொம்பள ஒருத்தி பாத்துச் சொன்னா போதுமா?"

"எந்தப் பொம்பள?"

"உங்க சம்சாரம். மாதர் குழுத் தலைவிதானே அவங்க. அவங்க பாத்து, ஆமான்னு சொன்னா இவர உட்டுடணும்."

சாப்பிட உட்கார்ந்தவன் முன்னாலிருந்து இலையை இழுத்துவிட்டதுபோல ஆனது பக்தவச்சலத்தின் முகம். மற்றவர்களையும் பார்த்தார். தன் பெண்டாட்டியை நம்ப மாட்டேன் என்று நாலு பேர் எதிரே சொல்ல முடியுமா?

"சரி" என்றார்.

சவுரியம்மாள் நேரே பெண்களிடம்தான் போனாள். கேட்காமல் எதையும் செய்வதாக இல்லை.

"செயலாளரு சம்சாரம் பங்கஜமா?" என்றாள் அன்வரி பேகம். "போன மாசம் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டி அனுப்பினவதானே. அவ பாக்கட்டும். ஆனா ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணுதான் அவ வாய்லருந்து வரணும். அத சத்தியமா வாங்கிக்கினு அப்பறம் காட்டு."

"நீ இன்னா சொல்றே, வஹீதா?"

"அவரு வந்தாப் போதும்." வஹீதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானே இன்னும் அந்தப் படத்தப் பாக்கல, நர்ஸக்கா."

"கொண்டாறேன். மொதல்ல இந்த வேல முடியட்டும்."

குளியலறைக் கதவைச் சாத்தி, சிவப்புக் காகிதம் சுற்றிய பல்பின் வெளிச்சத்தில் ஒரே ஒரு பிரதி போட்டாள். ஈரம் காய்ந்தும் காயாததுமாக எடுத்துக்கொண்டு போனாள்.

பங்கஜம் அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைத் தாழிட்டாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதுமேல சத்தியம்மா. ஆமான்னு ஒரு வார்த்த. அதுக்குமேல என் வாயத் தொறந்தா பாரு."

படத்தை வாங்கினாள். அப்புறம் ஜன்னலருகே எடுத்துப் போனாள்.

"அடியம்மா. இதுவா மருமவ? இவ்ளோ முடியா? நம்ம ஊர்ல இப்பிடி ஒருத்தி இருக்கான்னு தெரியலியே. இது கழுத்துல மச்சமா, இல்ல படத்துல அழுக்கா?"

"கையில க்ளவ்ஸ் தெரியுது பாருங்க."

"தெரியுது, தெரியுது. இந்த ஓரத்துல குந்தியிருக்கறது யாரு, மாமியாக்காரியா? பல்லே இல்லியே."

"பாத்தாச்சா?"

"இரும்மா, இன்னா அவசரம்."

திரும்பி வாங்கியபோது படத்தின் மூலையில் பங்கஜத்தின் எண்ணெய்க் கட்டைவிரல் பதிந்திருந்தது.

மண்டிக்கு வந்து, "ஆமாங்க, போட்டோ எடுத்ததுதான்" என்றாள் பங்கஜம். அந்த ஒரு வார்த்தைக்குமேல் பேசவில்லை. ரஷீதின் சைக்கிளை லோகநாதனே தூக்கி வந்து நிறுத்தினான். மன்னிப்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரஷீத் சவுரியம்மாளுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு ஏறிப் போனான்.

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பிரசவ அறையில் ஒரு பெண் வலியில் கிடந்தாள். ஒரு வலி போய் அடுத்தது வருமுன் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"நர்ஸம்மா, தோல் ஷாப் ரஷீத் சாயபு சம்சாரத்துக்குக் கழுத்துல மச்சமாமே?"

சவுரியம்மாளின் கை அவள் வயிற்றின்மேல் நின்றது.

"யாரு சொன்னா?"

"எங்க ஊட்டுக்காரரு."

"அவருக்கு யாரு சொன்னா?"

"மண்டில பேசிக்கினாங்களாம். நல்ல செவப்பாமே." அடுத்த வலி வந்தது. அவள் பல்லைக் கடித்தாள்.

குழந்தை பிறந்து, தொப்புள் கட்டி, கை கழுவிக்கொண்டு சவுரியம்மாள் வெளியே வந்தாள். சைக்கிளுக்குக் காற்றில்லை. லோகநாதன் கடையில் நிறுத்தினாள். அவன் இவளைக் கவனிக்காமல், பம்ப்பை அழுத்திக்கொண்டே இன்னொருவனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"முடி முட்டிவரைக்கும் தொங்குதாம்ப்பா. கையில்லாத சட்ட வேற. போஸு குடுத்துக்கினு நிக்கறாளாம்."

"நீ பாத்தியா?"

"நாம எங்க பாக்கறது. செயலாளரு சம்சாரம் பாத்தாங்க இல்ல. அவங்க அவருகிட்ட சொல்ல, அவரு..."

படத்தில் வஹீதா முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். உட்கார்ந்திருந்தாள். பார்த்த கண்ணைவிடக் கேட்ட காது அதிகம் உரித்திருந்தது. சவுரியம்மாள் கடை வாசலிலேயே காறித் துப்பிவிட்டு, காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பங்கஜத்தின் வீட்டுக்குப் போனாள்.

"தாலிமேல சத்தியம் பண்ணீங்களே."

"இன்னா தப்பு பண்ணேன் இப்போ?" பங்கஜம் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "படத்த யாருக்காவது காட்டினேனா? ஒனக்குத் திருப்பிக் குடுத்துட்டேன் இல்ல. எங்க ஊட்டுக்காரரு கேட்டாரு, கட்டின புருஷங்கிட்ட எத மறைக்கறது? காட்டலியேம்மா. சொன்னேன், அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணா?"

"ஊரே பேசுது."

"ஊரு நல்லதத்தானே பேசுது. அழகா இருக்கான்னுதானே சொல்றாங்க. அசிங்கமாவா சொல்றாங்க?"

அவள் வாயோரம் சிவப்பு வழிந்து முகவாய்க்கு இறங்கியது. அதைப் புறங்கையால் துடைத்தாள். சவுரியம்மாளால் அங்கே நிற்க முடியவில்லை.

ரஷீத் வீட்டுக் கூடத்தில் ஒரு தகரப் பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"வாணியம்பாடிக்கு, அவ அம்மா ஊட்டுக்கு அனுப்பறான்" என்றாள் அன்வரி பேகம். "பேச்சு அடங்கற வரைக்கும். டீக்கடைல எவனோ இவங்கிட்டயே கேட்டிருக்கான், முட்டிவரைக்குமாமேன்னு. நேத்துலருந்து வெளிய போவல. சாப்பிடல."

"நான் காட்டியிருக்கக் கூடாது பேகமம்மா."

"நாங்கதானே சொன்னோம். உன்ன யாரு குத்தம் சொன்னா." பிறகு அவள் குரல் இறங்கியது. "அத அழிச்சிடு. இங்கயே. என் கண்ணு எதிர."

சவுரியம்மாள் பையிலிருந்து படத்தையும் அந்த இரண்டு நெகட்டிவ்களையும் எடுத்தாள். வஹீதா கையை நீட்டினாள்.

"ஊரே பாத்துடுச்சு. நான் மட்டும் பாக்கல."

வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாதான் இருக்கேன்" என்றாள். "இத அவருக்குக் காட்டணும்னு நெனச்சேன்." எழுந்துபோய் அடுப்பில் போட்டாள்.

நெகட்டிவ் எரிந்தால் நாற்றம் எடுக்கும் என்று சவுரியம்மாள் வெந்நீரும் சலவைச் சோடாவும் கேட்டாள். முனியம்மா கொதிக்கக் கொதிக்க ஒரு பேசினில் ஊற்றினாள். ஃபிலிமைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுக் கட்டைவிரலால் தேய்த்ததும், மேலே இருந்த படம் அப்படியே வழுக்கி உரிந்து வந்தது. முடி, சிரிப்பு, இரண்டு பெரிய கையுறைகள் எல்லாம் ஒரு கருப்புக் கொழகொழப்பாகத் தண்ணீரில் மிதந்தன.

"ஜவ்வு மாதிரி வருதே" என்றாள் முனியம்மா. முன்பு ஷாப்பில் தோலின் உட்புறத்தைச் சுரண்டிப் பழகிய கை அவளுடையது. "இதுவும் தோலுதானா?"

"தோலுலருந்து எடுக்கற கோந்துதான்."

"அதான் அந்த நாத்தம்" என்றாள் முனியம்மா. பேசினைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினாள்.

வஹீதா புர்காவைப் போட்டுக்கொண்டாள். வாசலில் குதிரை வண்டி நின்றது.

சண்டை சீக்கிரமே முடிந்துவிட்டது. ஜன்னல்களிலிருந்து காகிதத்தைக் கிழித்தார்கள். பாதுகாப்புக் குழு மண்டிக்கு எதிரே பந்தல் போட்டு, ஜவான்களுக்கு அனுப்பும் பொருட்களை மேஜைமேல் அடுக்கியது. முன்வரிசையில் ஆட்டுத் தோல் கையுறைகள். "மாதர் குழுவின் அன்பளிப்பு" என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். யார் தைத்தது என்று எழுதவில்லை.

பங்கஜம் ஆள் அனுப்பினாள். "நர்ஸம்மாவ கேமராவோட வரச் சொல்லு. நல்லா எடுக்குறா."

சவுரியம்மாள் வந்தாள். முனியம்மாவுக்கே அது ஆச்சரியம். "இவங்களுக்கு எதுக்கு எடுக்கறே?"

"ஊரு இன்னா பண்ணுதுன்னு எடுக்கச் சொன்னான் தம்பி. இதுவும் ஊருதானே."

எல்லோரும் வரிசையாக நின்றபோது ஒன்று எடுத்தாள். அதற்கு முன்பே, யாரும் வரிசைக்கு வராத நேரத்தில், பந்தல் காலுக்குப் பக்கத்திலிருந்து ஒன்று எடுத்திருந்தாள். நல்ல வெயில், ஃப்ளாஷ் தேவைப்படவில்லை. பொத்தான் அழுந்திய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

மறுவாரம் இரண்டு பிரதிகளையும் பங்கஜத்தின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். முதல் படத்தைப் பார்த்து, "நான்தான் கொஞ்சம் குண்டா தெரியறேன்" என்றாள் பங்கஜம். இரண்டாவதைப் பார்த்ததும் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள்.

அதில் மேஜையருகே அவள் தனியாக நின்றிருந்தாள். ஒரு கை மேஜைமேல். இன்னொரு கை முந்தானைக்குள். முந்தானைக்கு வெளியே தோல் கையுறையின் ஐந்து விரல்களும் தெளிவாகத் தொங்கின.

"இது அளவு பாத்தேம்மா" என்றாள். "பையன் பெங்களூர்ல ஸ்கூட்டர் ஓட்றான். அங்க குளுரு ஜாஸ்தி. அவனுக்கு ஒண்ணு இதே மாதிரி வாங்கலாம்னு..."

"முந்தானைக்குள்ளயா அளவு?"

பங்கஜம் கதவைப் பார்த்தாள். வெளியே கூடத்தில் அவள் புருஷனும் எண்ணெய்க் கடைக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள். படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"சவுரியம்மா, நீ நல்லவ. இத இங்கயே கிழிச்சிடலாம். நெகட்டிவும் குடுத்துடு. ஆம்பளைங்க கண்ணுல பட்டா இன்னா நெனைப்பாங்க? யாருக்கும் காட்டாதம்மா."

சவுரியம்மாள் படத்தை அவள் மடியிலேயே விட்டுவிட்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நெகட்டிவையும் எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"வெச்சிக்கோங்க. ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன்" என்றாள். "சொல்லுவேன், அவ்வளவுதான்."

கதவைத் திறந்துகொண்டு, ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்குப் போனாள்.